கேலரியில் உட்கார்ந்தவன்: எக்ஸ்லியின் நாவலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களும்

குளிர்காலத்தில் நியூ ஜெர்சியில் ஞாயிறு இரவு 8:20க்கு ஃபுட்பால் ஆட்டம் தொடங்கும்போது பண்பொழியில் திங்கள் காலை 6:50. அப்பா தேரடிப் பக்கம் போய் டீ குடித்துவிட்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுகிற நேரம் அது. டிவி சத்தம் அவருக்குக் கேட்கும்.

"என்னய்யா அங்க ஒரே கூப்பாடு?"

"ஆட்டம் ஓடுதுப்பா."

"யாரு ஜெயிக்கா?"

"நம்மாளுவ தோத்துக்கிட்டு இருக்கானுவ."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. 'நம்மாளுவ' என்று நான் சொன்னது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை. (பெயரில்தான் நியூயார்க். ஆடுவது எங்கள் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில்.) அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடவிநயினார் அணை நிறைந்து வழிவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

நம் ஊரில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. இங்கே அதற்கு சாக்கர் என்று பெயர். இவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். கால் படுவது அபூர்வம். இந்த ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுத உட்கார்ந்த போதெல்லாம் குறுக்கே ஒரு புத்தகம் வந்து நின்றுவிட்டது. ஃபிரெடரிக் எக்ஸ்லி 1968இல் வெளியிட்ட 'எ ஃபேன்ஸ் நோட்ஸ்'. ஒரு ரசிகனின் குறிப்புகள். அதனால் அந்த நாவலைப் பற்றியே எழுதிவிடுகிறேன். என் கதை ஓரமாக வரட்டும்.

முதலில் ஆட்டம், தெரியாதவர்களுக்காக. நூறு யார்டு நீளத் தரை, பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து அடுத்தவனுக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. மற்ற விதிகளெல்லாம் போகப் போகத் தெரியும். பத்து யார்டு ஆயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டு கம்புகளுக்கு நடுவே சங்கிலியைக் கட்டிக் கொண்டுவந்து அளப்பார்கள். முதல்முறை பார்த்தபோது வரப்புத் தகராறுக்கு சர்வேயர் வந்த மாதிரியே இருந்தது. 2025லிருந்து அதைக் கேமராக்கள் அளக்க ஆரம்பித்துவிட்டன. எனக்கு அதில் வருத்தம்தான்.

கடிகாரக் கணக்கில் 60 நிமிட ஆட்டம், டிவியில் மூன்று மணி நேரம் ஓடும். 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை கணக்குப் போட்டுப் பார்த்தது. பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடம். மீதியெல்லாம் நிற்பது, கூடிப் பேசுவது, விளம்பரம், நடந்ததையே நான்கு கோணத்தில் திரும்பக் காட்டுவது, அதற்கு மேல் பேச்சு. சடுகுடு பார்த்து வளர்ந்தவனுக்கு இது அவ்வளவு அந்நியம் இல்லை. அங்கேயும் ஒருவன் பாடிக்கொண்டு போவான், சில நொடிகளில் முடிந்துவிடும், எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போவார்கள், மறுபடி தொடங்கும். என்ன, சடுகுடுவில் இடையில் பீர் விளம்பரம் கிடையாது.

பேச்சுதான் ஒரு ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லித் தருகிறது. கிரிக்கெட் எங்கள் வீட்டுக்குள் தமிழாக நுழைந்தது வானொலி வர்ணனையில்தான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் பேசிப் பேசியே பார்க்காத மைதானத்தை நம் கண்ணுக்குள் கொண்டுவந்தார்கள். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' படித்தவர்களுக்கு அந்தக் கிழவரை நினைவிருக்கும். பிச்சியும் மருதனும் வாடிவாசலில் காத்து நிற்கும்போது, பக்கத்தில் நின்று எந்தக் காளை எப்படிப்பட்டது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பவர். ஜல்லிக்கட்டைப் பார்த்தே இராத வாசகனுக்கும் கண் திறப்பது அந்தப் பேச்சில்தான். எனக்கு வாய்த்த கிழவர் கீழ்வீட்டுக்காரர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என் முதல் வருடத்தில் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, ஆட்டம் பார்க்க வா என்று கூப்பிட்டார். அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: பந்தைப் பார்க்காதே. பந்து எங்கே போகும் என்பது அது கிளம்புவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது, முன்வரிசையில் குனிந்து நிற்கிற தடியன்களின் தோளைப் பார்.

அன்றைக்கு எனக்குத் தோளும் தெரியவில்லை, திட்டமும் தெரியவில்லை. தலைகள்தான் தெரிந்தன. ஒவ்வொரு முறையும் ஐந்தாறு ஜோடித் தலைகள் மோதிக்கொள்ளும். டிவியில்கூட அந்தச் சத்தம் கேட்கும். தேங்காய் விடலை போடுகிற சத்தம். யாரும் அதைக் கவனிக்கிற மாதிரியே தெரியவில்லை. "தலை வலிக்காதா இவங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஹெல்மெட் இருக்கிறதே என்றார்.

இப்போது நாவலுக்கு வருகிறேன்.

'எ ஃபேன்ஸ் நோட்ஸ்' நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, வாட்டர்டவுன் என்ற சிறு ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் தொடங்குகிறது. எக்ஸ்லி என்றே பெயர் கொண்ட கதைசொல்லி ஜயன்ட்ஸ் ஆட்டம் ஒளிபரப்பாவதற்காகக் காத்திருக்கிறான். அப்போது நெஞ்சு அடைக்கிறது. மாரடைப்பு என்று நினைத்துக்கொள்கிறான், இல்லை. வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, வாரக் கடைசியில் வாட்டர்டவுனுக்கு வந்து குடி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அங்கிருந்து நாவல் பின்னால் போகிறது: மனநல மருத்துவமனைகள், இன்சுலின் அதிர்ச்சியும் மின் அதிர்ச்சியும், அம்மா வீட்டுச் சோபாவில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தது, எழுதாத புத்தகம். எக்ஸ்லி இதைப் 'புனைவு நினைவுக்குறிப்பு' என்று சொல்லிக்கொண்டார். முதல் நாவலுக்கான ஃபாக்னர் அறக்கட்டளை விருது இதற்குக் கிடைத்தது. அடுத்து எழுதிய இரண்டு புத்தகங்களும் இதன் பக்கத்தில் நிற்கவில்லை.

இந்த வீழ்ச்சிக்கெல்லாம் அடியில் இரண்டு ஆட்டக்காரர்கள். ஒருவர் அப்பா, ஏர்ல் எக்ஸ்லி. உள்ளூர் ஃபுட்பால் வீரர். ஊரில் யார் பார்த்தாலும் 'நீ ஏர்லோட பையன்தானே' என்றுதான் கேட்பார்கள். மகனுக்கு 16 வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் ஃபிராங்க் கிஃபோர்ட். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எக்ஸ்லி படித்த காலத்தில் அங்கே நட்சத்திரம், பிறகு 1952லிருந்து ஜயன்ட்ஸ் அணியில். அப்பாவுக்குக் கிடைத்த கைத்தட்டல் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த மகன், அதைக் கிஃபோர்ட் மூலமாக வாங்கிக்கொள்கிறான். கிஃபோர்ட் பந்தைப் பிடித்தால் தானே பிடித்த மாதிரி.

எனக்கு இது படிக்கச் சிரமமாக இருந்தது, காரணம் சொல்லிவிடுகிறேன். பண்பொழியில் அப்பா சடுகுடு ஆடுவார். திருமலைக் கோயில் மலை தெரிகிற வயக்காட்டில், அறுப்பு முடிந்த பிறகு, பொங்கலை ஒட்டிப் போட்டி நடக்கும். அப்பா இடது ஓரத்தில் நின்று பிடிக்கிற ஆள். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார் என்று பேர். நான் வரப்பில் உட்கார்ந்து நோட்டில் புள்ளி எழுதுவேன். ஒருமுறைகூட உள்ளே இறங்கியதில்லை. "வாத்தியார் மகன் மாதிரி நோட்டும் கையுமா இருக்கானே, ஒம் புள்ளயா இவன்?" என்று ஒருவர் அப்பாவைக் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அப்பா என்ன பதில் சொன்னார் என்பது நினைவில் இல்லை.

அமெரிக்க நாவல்கள் இந்த ஆட்டத்தை எடுத்தால் பெரும்பாலும் வேறு எதற்கோ உருவகமாக்கிவிடும். டான் டெலிலோவின் 'எண்ட் ஸோன்' (1972) மேற்கு டெக்சாஸில் ஒரு கல்லூரி அணியைப் பற்றியது. ஆனால் அதன் நாயகன் அணுப் போரை நினைத்து நினைத்துக் கிறங்கிக் கிடப்பவன். ஆட்டத்தைப் போர் என்று சொல்வதை மறுக்கிற ஒரு வாத்தியாரையும் டெலிலோ உள்ளே வைத்திருக்கிறார், கெட்டிக்காரர். பென் ஃபவுண்டனின் 'பில்லி லின்'ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்' (2012) இராக்கிலிருந்து வந்த சிப்பாய்களை டல்லஸ் மைதானத்தில் ஊர்வலம் விடுகிறது. இரண்டும் நல்ல நாவல்கள். இரண்டிலும் ஆட்டம் வேறொன்றைச் சொல்வதற்காக வருகிறது. எக்ஸ்லிக்கு அது எதன் உருவகமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரும், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டில் வேலை பார்க்கிற யாருக்கும் இது புரியும். வாரத்தின் ஆறு நாளை ஏழாவது நாளை வைத்துத் தள்ளுவது.

தமிழில் வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அசோகமித்திரனின் 'ஒற்றன்'. 1973இல் ஐயோவா நகரத்துக்கு எழுத்தாளர் திட்டம் ஒன்றுக்காகப் போய், சில மாதங்கள் தங்கி வந்த அனுபவம். அந்தத் தலைப்பை நான் எப்போதும் வேடிக்கை பார்க்கிறவனுக்கான பெயராகவே வாசிக்கிறேன். போன இடத்தில் எதிலும் சேராமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. ஆனால் ஒற்றனுக்குத் திரும்பிப் போகிற தேதி தெரியும். பதினோரு வருடம் இருப்பவன் ஒற்றனாகவே இருக்க முடியாது. ஏதாவது ஒரு கட்டத்தில் ரசிகனாகிவிடுகிறான். எக்ஸ்லி வெளிநாடு போனவர் இல்லை, பிறந்த ஊரிலேயே உட்கார்ந்து குடித்தவர். ஆனாலும் தன் சொந்த நாட்டை அவர் கேலரியில் இருந்துதான் பார்க்கிறார். நம் புலம்பெயர் கதைகள் பலவற்றைவிட எனக்கு இந்த நாவல் நெருக்கமாகப் போனது அதனால்தான்.

நாவலின் மையம் 1960 நவம்பர் 20. யாங்கி ஸ்டேடியத்தில் ஜயன்ட்ஸுக்கும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கும் ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் கிஃபோர்ட் மைதானத்தின் நடுவே பந்தைப் பிடிக்கிறார். சக் பெட்னாரிக் வந்து மோதுகிறார். கிஃபோர்ட் மல்லாந்து விழுந்து தலை தரையில் அடிக்கிறது. பந்து நழுவி ஈகிள்ஸ் கைக்குப் போகிறது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஈகிள்ஸ் 17-10 என்று ஜெயித்தது. கிஃபோர்ட் 1961 முழுக்க ஆடவில்லை, 1962இல்தான் திரும்பி வந்தார்.

நாவலில் எக்ஸ்லி அன்றைக்கு மைதானத்தில் இருக்கிறான். அந்த அடியைப் பார்த்தபின் கிராமத்தான் மாதிரி நகரத்துத் தெருவில் அலைந்து, முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் வலிய வம்பிழுத்து அடி வாங்குகிறான். அடி வாங்கும்போதுதான் தெளிவு பிறக்கிறது: அப்பாவின் விதி களத்தில் இருந்தது, தன் விதி கேலரியில் உட்கார்ந்து அடுத்தவனுக்குக் கைதட்டுவது. தான் ஒரு ரசிகன், அதற்கு மேல் எதுவும் இல்லை. இந்தப் பக்கங்களைப் பலரும் புகழ்ந்திருக்கிறார்கள். முதல் வாசிப்பில் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் பண்ணினேன். ஊரில் நடு ராத்திரி, எடுக்கவில்லை.

இரண்டாவது முறை படித்தபோது வேறொன்று உறுத்தியது. கிஃபோர்டின் தலை தரையில் அடித்தது. அதற்குப் பிறகு அந்தத் தலையைக் குறித்து நாவலுக்கு அக்கறையே இல்லை. அடிபட்டவனுக்கு என்ன ஆயிற்று என்பதைவிட அதைப் பார்த்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதே அதற்கு முக்கியம். பெண்கள் வரும் பகுதிகளிலும் எக்ஸ்லியிடம் இதே கோளாறுதான். பன்னி சூ என்ற காதலி வரும் அத்தியாயத்தை இன்றைக்கு முகம் சுளிக்காமல் படிக்க முடியாது. அவள் ஒரு ஆளே இல்லை, இவனுடைய தோல்விக்கு ஒரு சாட்சி. எக்ஸ்லியின் நாவலில் எல்லோருடைய உடம்பும் எக்ஸ்லிக்காகவே இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இது மாறுகிறது. மருத்துவமனைப் பகுதியில். அங்கே அதிர்ச்சி வாங்குகிற மூளை அவனுடையது, பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனுடையதும்கூட. அந்தப் பக்கங்களில் அவன் முதல்முறையாக மற்றவர்களை உன்னிப்பாகப் பார்க்கிறான். என் மதிப்பில் நாவலின் உச்சம் அதுதான், யாங்கி ஸ்டேடியம் அல்ல. ஒரு தலைக்குள் மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும் என்று அவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவருக்கு, தரையில் அடித்த இன்னொரு தலையைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. கிஃபோர்ட் 2015 ஆகஸ்டில், 84 வயதில் இறந்தார். அந்த நவம்பரில் குடும்பத்தினர் அறிவித்தார்கள்: மூளையைப் பரிசோதித்ததில் சி.டி.இ. இருந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு. எக்ஸ்லி அதைக் கேட்க உயிரோடு இல்லை, 1992இலேயே போய்விட்டார்.

ஆட்டக்காரர்களின் மூளையில் இந்த நோயை முதலில் கண்டவர் ஒரு ரசிகர் இல்லை. 2002 செப்டம்பரில் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி நான்கு சூப்பர் பவுல் வென்றபோது முன்வரிசையின் நடுவில் நின்றவர். அந்த நகரத்தில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. உடலைப் பரிசோதனை செய்த மருத்துவர் பென்னெட் ஒமாலுவுக்கு மட்டும் தெரியவில்லை. நைஜீரியாவிலிருந்து வந்தவர், ஃபுட்பால் பார்ப்பதில்லை. (பிறந்தது 1968இல், எக்ஸ்லியின் நாவல் வந்த அதே வருடம்.) மூளை வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் அதை எடுத்துவைத்து, சன்னமாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்தார். 2005இல் 'நியூரோசர்ஜரி' ஆய்விதழில் கட்டுரை வந்தது. லீகின் குழுவைச் சேர்ந்த மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதினார்கள். 2017இல் வேறொரு ஆய்வு, லீகில் ஆடிய 111 பேரின் மூளைகளைப் பார்த்து 110இல் சி.டி.இ. இருப்பதாகச் சொன்னது. சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் மூளையைக் கொடுத்திருப்பார்கள், ஆகவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்தக் கணக்கைப் போட முடியாது. இருந்தாலும் 110.

ஒமாலுவைப் பற்றி 2015இல் வந்த 'கன்கஷன்' படம் எனக்குப் பிடிக்கவில்லை. வில் ஸ்மித் நன்றாக நடித்திருக்கிறார், அதில் குறையில்லை. படம் அவரை அமெரிக்கனாக ஏங்குகிற நல்ல வந்தேறியாகவே காட்டிக் கொண்டு போகிறது. எனக்கு அவரிடம் முக்கியமாகத் தோன்றுவது அவருடைய தெரியாமை. பிட்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு மைக் வெப்ஸ்டரைத் தெரியாமல் இருப்பது பண்பொழியில் இருந்துகொண்டு மலைமேல் யார் கோயில் என்று கேட்பது மாதிரி. அந்தத் தெரியாமையால்தான் அவர் முன்னால் மேசையில் கிடந்தது ஒரு மாவீரனாகத் தெரியாமல், ஐம்பது வயதில் செத்துப்போன ஒரு மனிதனாகத் தெரிந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் எனக்கும் அந்தக் கண் கொஞ்சம் இருந்தது. அதனால்தான் தலை வலிக்காதா என்று கேட்டேன். பிறகு பாடம் படிக்கப் படிக்க அது போய்விட்டது. இன்றைக்கு முன்வரிசையின் தோளைப் பார்த்து ஓட்டமா எறிதலா என்று சொல்லிவிடுவேன். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்லத் தெரியாது. கீழ்வீட்டுக் கிழவர் என்னை நல்ல ரசிகனாக்கிவிட்டார். அவர் மேல் எனக்கு நன்றிதான்.

'வாடிவாசல்' இங்கேதான் எக்ஸ்லியைவிட மேலே போகிறது என்று நினைக்கிறேன். அதிலும் அப்பன்-மகன் கதைதான். அம்புலியைக் குத்திய காரிக் காளையை அடக்க அவன் மகன் பிச்சி வருகிறான். அங்கேயும் கூட்டம், வர்ணனை, ஜமீன்தாரின் கௌரவம். ஆனால் செல்லப்பா பிச்சியின் தொடையையும் காளையின் கொம்பையும் விட்டு ஒரு வரிகூட விலகுவதில்லை. மாடு தோற்றபின் அதற்கு என்ன நடக்கிறது என்பது வரை போகிறார். கௌரவம் போன ஜமீன்தார் அதைச் சுடுகிறார். அடிபட்ட உடம்பைக் கடைசி வரை பார்ப்பது என்பது அந்தச் சின்ன நாவலின் நேர்மை. எக்ஸ்லியின் பெரிய நாவல் ஸ்ட்ரெச்சர் வெளியே போனதோடு தலையைத் திருப்பிக்கொள்கிறது.

இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து யோசிக்கக் காரணம் உண்டு. என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அணியில் சேர வேண்டும் என்கிறான். அதற்கான படிவம் மூன்று வாரமாக ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்குகிறது. கூடவே தலையில் அடிபடுவதைப் பற்றி ஒரு தாள், பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். படித்துவிட்டேன். அவன் அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மோதிக்கொள்வதை வாய் பிளந்து பார்க்கிற நான், என் பிள்ளை என்றதும் என்ன சொல்வது? அவன் அதைத்தான் கேட்டான், இங்கிலீஷில், இதைவிட மரியாதையாக.

போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்திமூன்று. இடது தோள் ஒரு பொங்கல் போட்டியில் இறங்கி, சரியாகச் சேரவில்லை. கொடியில் வேட்டி காயப்போட இன்னமும் வலது கையைத்தான் தூக்குவார். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் பாடிப் போற ஆளா, பிடிக்க ஆளாய்யா?"

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "பிடிக்க ஆளுப்பா. ஓரத்துல."

"எந்த ஓரம்?"

"எடது."

அந்தப் பக்கம் டீக்கடைக்காரர் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது. அப்பா லைனில்தான் இருந்தார். டிவியில் ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் சத்தத்தைக் குறைத்தேன்.